விலைப் பட்டியல்

1. முதல் சம்பளம்

மார்டள்ளி மலையோரத்தில் உள்ள ஊர். கர்நாடக மாநிலம், சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. 1956 வரை இந்தப் பக்கம் சென்னை மாநிலத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. இங்கே பலருக்கு வீட்டில் தமிழ். பஸ்சிலும் சந்தையிலும் கன்னடம்.

அந்த ஊரில் ஒரு குடும்பம். அப்பா கல் உடைக்கும் தொழிலாளி. அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். மகள் கன்னடப் பள்ளியில் 12ஆம் வகுப்பு வரை படித்தவள். மகன் 7ஆம் வகுப்பு படிக்கிறான். அம்மா சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. இரண்டு வருடமாக மாலை வகுப்பில் தமிழும் கணக்கும் படிக்கிறார்.

மகளுக்கு மைசூருவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் வாங்கினாள். அன்றே போன் செய்தாள்.

"அம்மா, இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. மூணு பேரும் வாங்க. பூசை பார்த்துட்டு, நல்ல ஓட்டல்ல சாப்பிடலாம்."

"எதுக்குக் கண்ணு வீண் செலவு? நான் கட்டுச்சோறு கொண்டு வர்றேன். எங்கேயாவது மரத்தடியில உட்கார்ந்து சாப்பிட்டுக்கலாம்."

"இல்லம்மா. மரத்தடியில எத்தனையோ தடவை சாப்பிட்டாச்சு. ஒரு தடவை மேசையில உட்கார்ந்து சாப்பிடலாம். 700 ரூபாய் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

அம்மா சரி என்றார். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கட்டிப் பையில் வைத்துக்கொண்டார். வகுப்பு நோட்டையும் பென்சிலையும் கூடவே வைத்தார்.

கொள்ளேகால் போய் அங்கிருந்து மைசூரு பஸ் ஏறினார்கள். அம்மாவுக்குப் பஸ்சில் காசு இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டம் நடக்கிறது. அதன்படி மாநிலத்துப் பெண்கள் அரசு சாதாரணப் பஸ்சில் இலவசமாகப் போகலாம். அப்பாவுக்கும் மகனுக்கும் டிக்கெட் வாங்கினார்கள்.

2. கண்ணாடிக் கதவு

மைசூருவில் புனித பிலோமினா பேராலயத்தில் பூசை பார்த்தார்கள். அதன் இரண்டு உயரமான கோபுரங்களை மகன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். பிறகு மகள் எல்லாரையும் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனாள்.

அது மாளிகை போன்ற பெரிய ஓட்டல் அல்ல. ஆனால் பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே மஞ்சள் விளக்கு. சுவரில் அரண்மனைப் படம். ஒவ்வொரு மேசையிலும் சிறு பூச்செடி. வாசலில் சீருடை போட்ட ஒருவர் நின்றார். அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

அப்பா வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

"வேண்டாம்ப்பா. போட்டுக்கிட்டே வாங்க" என்றாள் மகள்.

அப்பா நிமிர்ந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. "நீங்க சாப்பிட்டு வாங்க. நான் வெளியில இருக்கேன்" என்றார்.

அம்மாவுக்குக் காரணம் தெரியும். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது தன் தகப்பனாரோடு வெளியூர் வேலைக்குப் போனார். அங்கே ஒரு டீக்கடை. அவர்களை உள்ளே விடவில்லை. அவர்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். தரையில் குத்துக்காலிட்டுக் குடித்த அந்த டீயை அப்பா மறக்கவில்லை. நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்றும் பெரிய கடை வாசலில் அவர் கால் நின்றுவிடும்.

அம்மா அவர் பக்கத்தில் போனார்.

"ஏங்க, வகுப்புல படிச்சேன். அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்குதாம். கடை, ஓட்டல், கிணறு, குளம் எதிலேயும் சாதி சொல்லியோ மதம் சொல்லியோ யாரையும் தடுக்கக் கூடாதாம். காசு கொடுத்துச் சாப்பிடப் போறோம். நமக்கு என்ன பயம்? வாங்க."

அப்பா வந்தார். நான்கு பேரும் சன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்தார்கள்.

3. எழுத்து வேறு, எண் ஒன்று

பரிமாறும் தம்பி வந்து தண்ணீர் டம்ளர் வைத்தார். "பாட்டில் தண்ணியா, சாதாத் தண்ணியா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"சாதாத் தண்ணியே போதும்" என்றாள் மகள். பாட்டில் தண்ணீருக்குத் தனிக் காசு. சாதாத் தண்ணீருக்குக் காசு இல்லை.

பிறகு அவர் விலைப் பட்டியலைக் கொடுத்தார். மெனு கார்டு என்பது அதுதான். அம்மா கையில் வாங்கினார். ஒரு பக்கம் கன்னடம். ஒரு பக்கம் ஆங்கிலம். தமிழ் இல்லை. அம்மா முகம் வாடியது.

"இரண்டு வருஷம் படிச்சும் இதைப் படிக்க முடியலையே!"

"அம்மா, வலது பக்கம் பாருங்க. அது என்ன?" என்று கேட்டாள் மகள்.

அம்மா பார்த்தார். "160, 90, 70, 30, 40. எல்லாம் எண்."

"அதைப் படிச்சிட்டீங்களே! நான் பேரைப் படிக்கிறேன். நீங்க விலையைப் படிங்க."

இப்படி இருவரும் சேர்ந்து படித்தார்கள். மகள் 'ஊட்டா' என்றாள். கன்னடத்தில் ஊட்டா என்றால் சாப்பாடு. அம்மா "160" என்றார். மசாலா தோசை, 90. ரவா இட்லி, 70. காபி, 30. மைசூர் பாகு ஒரு துண்டு, 40. அம்மா நோட்டைத் திறந்தார். பெயரைத் தமிழில் எழுதினார். எதிரே விலையை எழுதினார்.

மகள் பட்டியலின் அடியில் இருந்த சின்ன எழுத்தையும் படித்தாள். "வரி தனி" என்று இருந்தது.

"வரி எவ்வளவு?" என்று அம்மா கேட்டார்.

"100 ரூபாய்க்கு 5 ரூபாய்ம்மா."

யார் யாருக்கு என்ன என்று முடிவு செய்தார்கள். அம்மா நோட்டில் கணக்குப் போட்டார்.

சாப்பாடு 1 (அப்பா) – 160
மசாலா தோசை 2 (அம்மா, மகன்) – 180
ரவா இட்லி 1 (மகள்) – 70
மைசூர் பாகு 2 துண்டு – 80
காபி 3 – 90
கூட்டினால் – 580

மகன் காபி குடிப்பதில்லை. அதனால் மூன்று காபிதான்.

பிறகு வரிக்கணக்கு. 500 ரூபாய்க்கு 25. 80 ரூபாய்க்கு 4. ஆக 29. மொத்தம் 609.

"700க்குள்ள அடங்குது. தைரியமாச் சொல்லு" என்றார் அம்மா.

4. ரவா இட்லியின் கதை

சாப்பாடு வர நேரம் ஆனது. அதற்குள் நாம் ரவா இட்லியின் கதையைப் பார்ப்போம்.

பெங்களூருவில் எம்.டி.ஆர். என்று ஒரு ஓட்டல் இருக்கிறது. மாவள்ளி டிபன் ரூம் என்பதன் சுருக்கம் அது. உடுப்பிப் பக்கத்திலிருந்து பெங்களூரு வந்த மையா சகோதரர்கள் 1924இல் அதைத் தொடங்கினார்கள். அவர்கள் சமையல் வேலை தெரிந்தவர்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்தது. 1942இல் பர்மா ஜப்பானின் கைக்குப் போனது. அங்கிருந்து நம் நாட்டுக்கு அரிசி வருவது நின்றது. எங்கும் அரிசிப் பஞ்சம். அரிசி இல்லாமல் இட்லி எப்படிச் சுடுவது? அந்த ஓட்டலில் கோதுமை ரவையில் தயிர் சேர்த்து இட்லி அவித்துப் பார்த்தார்கள். நன்றாக வந்தது. அதுதான் ரவா இட்லி என்று சொல்கிறார்கள்.

மையா சகோதரர்களில் ஒருவர் யக்ஞநாராயண மையா. அவர் 1951இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே உள்ள ஓட்டல்களைப் பார்த்தார். அவற்றின் சுத்தம் அவர் மனத்தில் பதிந்தது. திரும்பி வந்ததும் தம் ஓட்டலில் பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையல் அறையைப் பார்க்கவும் வழி செய்தார்.

சமையல் அறை சுத்தமாக இருந்தால் மறைக்க வேண்டியது இல்லை அல்லவா?

1975இல் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. ஓட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அந்த விலைக்கு விற்றால் எம்.டி.ஆருக்கு நட்டம். ஆனாலும் நெய்யையும் பருப்பையும் குறைக்க அவர்களுக்கு மனம் இல்லை. பழைய தரத்தில் புதிய விலைக்கு விற்றார்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு நட்டம் என்று வாசலில் பலகையில் எழுதி வைத்தார்கள். கடைசியில் ஓட்டலை மூட வேண்டி வந்தது. அப்போது ரவா இட்லி மாவு போன்றவற்றைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார்கள். சில வருடங்கள் கழித்து ஓட்டலை மீண்டும் திறந்தார்கள்.

நட்டத்தைக்கூடப் பலகையில் எழுதி எல்லாருக்கும் காட்டினார்கள். விலையை எழுதி வைப்பது விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

இந்தக் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. தொடக்கத்தில் அந்த ஓட்டலின் பெயர் 'பிராமணர் காபி கிளப்'. அந்தக் காலத்தில் பல ஊர்களில் இப்படிச் சாதிப் பெயர் போட்ட ஓட்டல்கள் இருந்தன. சில ஓட்டல்களில் சாதிக்கு ஒரு இடம் என்று பிரித்து உட்கார வைத்தார்கள். 1960இல் லால்பாக் சாலைக் கட்டடத்துக்கு வந்தபோது அந்த ஓட்டல் மாவள்ளி டிபன் ரூம் ஆனது.

தமிழ்நாட்டில் இதற்காகப் போராட்டமே நடந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் மறியல் போராட்டம் தொடங்கினார். பல மாதம் தொண்டர்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். பிறகு அந்தச் சொல் பலகையிலிருந்து போனது.

இன்று கண்ணாடிக் கதவு நமக்காகத் திறக்கிறது. அது தானாகத் திறக்கவில்லை.

5. பில் வந்தது

சாப்பாடு வந்தது. அப்பாவுக்குத் தட்டில் சப்பாத்தி, சோறு, சாம்பார், ரசம், பொரியல், தயிர், பாயசம். மசாலா தோசை நெய் மணத்தோடு இருந்தது. மகன் தோசையின் நடுவில் விரல் விட்டு உருளைக்கிழங்கை முதலில் தின்றான். மகள் ரவா இட்லியில் பாதியைப் பிட்டு அம்மா தட்டில் வைத்தாள். அப்பா பாயசக் கிண்ணத்தை மகன் பக்கம் தள்ளினார்.

மைசூர் பாகு வாயில் வைத்ததும் கரைந்தது. இது மைசூரு அரண்மனைச் சமையல் அறையில் பிறந்த இனிப்பு என்று சொல்வார்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா அதைச் செய்தாராம். கடலை மாவு, நெய், சர்க்கரை மூன்றும்தான் சேர்மானம்.

கடைசியில் ஒரு கிண்ணம் வந்தது. அதில் வெந்நீர். வெந்நீரில் எலுமிச்சைத் துண்டு. அப்பா அதைப் பார்த்தார். "தம்பி, இது குடிக்கவா, கை கழுவவா?" என்று கேட்டார்.

"கை கழுவ, அப்பாஜி" என்றார் பரிமாறும் தம்பி. அவர் சிரிக்கவில்லை. அப்பாவும் கூச்சப்படவில்லை.

பிறகு பில் வந்தது. மகள் அடியில் இருந்த தொகையைப் பார்த்தாள். 705.

அவள் கையில் இருந்தது 700. அவள் முகம் சிவந்தது. அப்பா சட்டைப் பையில் கை விட்டார். அது திரும்பிப் போகும் பஸ் காசு.

"பரவாயில்ல, கொடுத்துட்டுப் போயிடலாம். எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் மகள் மெதுவாக.

"இரு கண்ணு. நான் போட்ட கணக்கு 609. எப்படி 705 ஆச்சு? பில்லைக் கொடு" என்றார் அம்மா.

அம்மா நோட்டை மேசைமேல் விரித்தார். பில்லைப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். முதல் வரி சரி. இரண்டாம் வரி சரி. மூன்றாம் வரி சரி. நான்காம் வரியும் சரி. ஐந்தாம் வரியில் விரல் நின்றது. காபி 4, 120 ரூபாய் என்று இருந்தது.

"காபி மூணுதானே? இவன் குடிக்கலையே!"

அதற்குக் கீழே இன்னொரு வரி. அதில் 61 ரூபாய். "இது என்ன?" என்று கேட்டார்.

மகள் படித்தாள். "சர்வீஸ் சார்ஜ். சேவைக் கட்டணம்."

"இதை நாம கேட்டோமா? பட்டியல்ல இருந்துச்சா?"

"இல்லம்மா. இதைக் கட்டாயமாப் போடக் கூடாதுன்னு கடையில பேசிக்கிட்டாங்க."

அம்மா பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நாங்க மூணு காபிதான் குடிச்சோம். பில்லுல நாலு இருக்குது. பார்த்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். "மன்னிக்கணும்மா. பக்கத்து மேசைக் காபி இதுல ஏறிடுச்சு" என்றார்.

மகள் பில் போடும் மேசைக்குப் போனாள். சேவைக் கட்டணம் பற்றிக் கேட்டாள்.

"எல்லாருக்கும் போடறதுதான்மா" என்றார் அங்கே இருந்தவர்.

"விருப்பம் இருந்தாத்தானே சார் கொடுக்கணும்? கட்டாயம் இல்லையே. எடுத்துட்டு வேற பில் கொடுங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வேறு பில் போட்டார். மகள் அதை அம்மாவிடம் நீட்டினாள். 580. வரி 29. மொத்தம் 609.

நோட்டில் இருந்த தொகையும் பில்லில் இருந்த தொகையும் ஒன்றாக இருந்தன. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

609 ரூபாய் கொடுத்தார்கள். அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து 20 ரூபாய் எடுத்துப் பரிமாறிய தம்பியிடம் கொடுத்தார். "நல்லாக் கவனிச்சீங்க தம்பி" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "அடுத்த தடவை நான் கூப்பிட்டுக்கிட்டு வர்றேன்."

புளிச்சோற்றை இரவு கொள்ளேகால் பஸ் நிலையத்தில் சாப்பிட்டார்கள்.

6. தெரிந்துகொள்வோம்

ஓட்டலில் நுழையும் உரிமை: நம் அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு, சாதி, மதம், இனம், ஆண் பெண் வேறுபாடு, பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் ஓட்டலிலோ கடையிலோ தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. தனி டம்ளர் வைப்பதும் தனி இடத்தில் உட்கார வைப்பதும் தீண்டாமைதான். 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம்.

விலை: உட்காரும் முன்பே விலைப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரே ஓட்டலில் ஏசி அறையில் விலை கூடுதலாக இருக்கும். சாதாரண அறையில் குறைவாக இருக்கும். நின்று சாப்பிடும் இடத்தில் இன்னும் குறையும். அங்கே முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும்.

பாட்டில் தண்ணீர்: கடையில் பாட்டில்மேல் அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. ஆனால் ஓட்டலில் உட்கார வைத்துத் தரும்போது கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே விலை கேட்டு வாங்குங்கள். சாதாத் தண்ணீரும் கேட்கலாம்.

வரி: இதை ஜி.எஸ்.டி. என்கிறோம். பெரும்பாலான ஓட்டல்களில் 100 ரூபாய்க்கு 5 ரூபாய். இது 2017 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பில்லில் இரண்டு வரியாக வரும். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை. வரி வாங்கும் ஓட்டலின் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். சிறிய ஓட்டல்கள் சில, 'காம்போசிஷன்' என்ற சுருக்க முறையில் தாங்களே வரி கட்டுகின்றன. அவை நம்மிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.

சேவைக் கட்டணம்: இது அரசு வரி அல்ல. ஓட்டல்காரர்கள் சேர்ப்பது. இதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் நெறிமுறை வெளியிட்டது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கொடுக்காதவரை உள்ளே விடாமல் தடுக்கவும் கூடாது. இந்த நெறிமுறை செல்லும் என்று 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிமாறியவருக்கு நாமாகக் கொடுப்பது வேறு. அது நம் விருப்பம்.

சுத்தம்: ஒவ்வொரு ஓட்டலும் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு பெற வேண்டும். அதற்கு 14 இலக்க எண் உண்டு. அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். பில்லிலும் அச்சடிக்க வேண்டும். அடுத்த முறை அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

புகார்: ஓட்டலில் பேசியும் தீரவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் புகாரை நிரூபிப்பது கடினம்.

7. பேசுவோம்

1. அப்பா ஏன் வாசலில் நின்றுவிட்டார்? உங்களுக்கு அப்படி எங்காவது நிற்கத் தோன்றியது உண்டா?
2. தமிழ் இல்லாத பட்டியலை அம்மாவும் மகளும் எப்படிப் படித்தார்கள்?
3. மகள் முதலில் 705 ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்றாள். ஏன்? அம்மா ஏன் சம்மதிக்கவில்லை?
4. எம்.டி.ஆர். ஓட்டலில் நட்டத்தை ஏன் பலகையில் எழுதினார்கள்?
5. அம்மா சேவைக் கட்டணம் கொடுக்க மறுத்தார். ஆனால் 20 ரூபாய் கொடுத்தார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

8. கணக்குப் பார்ப்போம்

கீழே ஒரு பில் இருக்கிறது. இதில் ஒரு தவறு உண்டு. கண்டுபிடியுங்கள். சரியான மொத்தம் எவ்வளவு?

இட்லி 3 தட்டு, ஒன்று 40 ரூபாய் – 120
வடை 2, ஒன்று 30 ரூபாய் – 60
டீ 3, ஒன்று 20 ரூபாய் – 80
கூட்டல் – 260
வரி, 100க்கு 5 – 13
மொத்தம் – 273

9. புதிய சொற்கள்

விலைப் பட்டியல் – பண்டங்களின் பெயரும் விலையும் எழுதிய அட்டை
சேவைக் கட்டணம் – பரிமாறுவதற்காக ஓட்டல் சேர்க்கும் தொகை
நுகர்வோர் – காசு கொடுத்துப் பொருளோ சேவையோ வாங்குகிறவர்
உரிமம் – தொழில் நடத்த அரசு கொடுக்கும் அனுமதி
நெறிமுறை – இப்படி நடக்க வேண்டும் என்று வகுத்த முறை
மறியல் – வழியை மறித்து நடத்தும் போராட்டம்

10. செய்து பார்ப்போம்

அடுத்த முறை டீக்கடையிலோ ஓட்டலிலோ சாப்பிடும்போது பில் கேட்டு வாங்குங்கள். வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அது கன்னடத்தில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. எண்ணைப் படியுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். சில பலகைகளிலும் பஸ்களிலும் எண்ணைக் கன்னட எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்து எழுத்துகளையும் உங்கள் மகனிடமோ மகளிடமோ கேட்டு நோட்டில் எழுதி வாருங்கள். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கற்போம்.

(கணக்கின் விடை: டீக்கு 60 ரூபாய்தான் வரும். கூட்டல் 240. வரி 12. மொத்தம் 252. பில்லில் 21 ரூபாய் கூடுதல்.)